காடியின் அகலம்

(தென்காசியில் தச்சுத் தொழில் பழகும் இளைஞர்களும் இசைக்கருவி வாசிப்பவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் ஒரு வீணை இருக்கிறது. பக்கத்தில் உடம்பு ஒட்டாத ஒரு கிட்டார் கழுத்து. அதற்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கைவாள். இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மற்ற ஊர்களில் ரம்பம் என்பார்கள். நம் பக்கத்து ஆசாரிமார் வாள், கைவாள் என்றுதான் சொல்லிப் பழகியவர்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் வீணையைப் பாருங்கள். இதில் 24 மெட்டுகள். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் இந்த 24 என்ற அமைப்பு நிலைபெற்றது என்பார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என் கண் எப்போதும் போய் நிற்பது மெட்டுக்குக் கீழே இருக்கிற கறுப்பு மெழுகில்தான். தேன்மெழுகில் கரித்தூளைக் கலந்து சட்டமாகப் பிடித்து, அதன்மேல் வெண்கல மெட்டை வைத்து, தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, முன்னே பின்னே நகர்த்தி நிறுத்துகிறார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். நாலைந்து வருடம் கழித்துச் சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மறுபடி கட்டலாம். கட்டியவர் தவறு செய்திருந்தாலும் மெழுகு இன்னொரு தடவை இடம் கொடுக்கும்.

கிட்டாரில் அந்தப் பேச்சே இல்லை. விரல் பலகையின் குறுக்கே காடி அறுத்து, மெட்டுக் கம்பியின் நாக்கை அதற்குள் அடித்து இறக்குகிறோம். கதவுப் பலகையில் நாக்கும் காடியும் சேர்க்கிறீர்களே, அதே உறவுதான். அங்கே கொஞ்சம் இளகினாலும் கதவு சாத்தும். இங்கே காடி அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால், அந்தக் கிட்டார் இருக்கிற வரைக்கும் அந்த ஒரு சுரம் பிசகியே பேசும். அறுத்த மரத்தை ஒட்டிக்கொள்ளச் சொல்ல முடியாது.

அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன். செவ்வியல் கிட்டாரில் தந்தியின் பேச்சு நீளம் பெரும்பாலும் 650 மில்லிமீட்டர். அதை 17.817 என்ற எண்ணால் வகுத்தால் 36.48 வரும். தலைப்பக்கத்து எலும்புத் துண்டிலிருந்து முதல் மெட்டு அந்தத் தூரத்தில். மீதி இருக்கிற நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது மெட்டுக்கு உரிய இடைவெளி. இப்படியே போனால் 12-ஆவது மெட்டு சரியாக 325-இல், பாதியில், வந்து உட்காரும். பழைய நாளில் இந்த 17.817-க்குப் பதிலாக 18 என்று வைத்துக்கொண்டார்கள். 1581-இல் வின்சென்சோ கலிலெய் தம்முடைய நூலில் அந்த விதியைச் சொல்கிறார். வானத்தைத் தொலைநோக்கியால் பார்த்த கலிலியோவின் தகப்பனார் அவர், லூட் வாசித்தவர். கைக்கணக்குக்கு 18 எளிதுதான். ஆனால் 12-ஆவது மெட்டுக்கு வரும்போது 2 மில்லிமீட்டருக்கு மேல் தலைப்பக்கம் தள்ளி நிற்கும்.

அடுத்தடுத்த இரண்டு மெட்டுகளுக்கு நடுவே உள்ள சுர இடைவெளியை 100 சென்ட் என்று பிரித்துக்கொள்கிறார்கள். முதல் மெட்டில் அரை மில்லிமீட்டர் தப்பினால் ஒன்றரை சென்ட் அளவுக்குத்தான் பிசகு. பெரும்பாலான காதுக்குத் தெரியாது. அதே அரை மில்லிமீட்டர் 12-ஆவதில் தப்பினால் இரண்டரைக்கு மேல். 19-ஆவதில் 4 சென்ட். உடம்பை நெருங்க நெருங்க மெட்டுகள் நெருங்குகின்றன, தப்பின் விலையும் ஏறுகிறது. எல்லா அளவையும் தலைப்பக்கத்து எலும்பிலிருந்தே, ஒரே இரும்பு அளவுகோலை அசைக்காமல் வைத்துக் குறிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்துகொண்டே போனால் சின்னச் சின்னத் தப்பெல்லாம் கூடிக்கூடிக் கடைசி மெட்டின் தலையில் விழும். குறிப்பதும் பென்சிலால் வேண்டாம். பென்சில் கோட்டுக்கே அகலம் உண்டு. கூரான கத்தியால் கீறுங்கள், வாளின் பல் அந்தக் கீறலில் தானாகப் போய் உட்காரும்.

இனி வாளுக்கு வருகிறேன். கடைக்குப் போய் வாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மெட்டுக் கம்பியைக் கையில் எடுங்கள். என் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். கம்பியின் நாக்கு பொதுவாக 0.5 மில்லிமீட்டர் கனம். அதன் இரு பக்கமும் சின்னச் சின்ன முட்கள் புடைத்திருக்கும், மரத்தைக் கவ்விக்கொள்வதற்காக. அந்த நாக்குக்கு ஏற்ற காடி 0.58 மில்லிமீட்டர் அளவில். அதற்குமேல் போனால் முள் மரத்தைப் பிடிக்காது, மெட்டு ஆடும், தந்தி அதன்மேல் படும்போது இரைச்சல் கேட்கும். அதைவிடக் குறுகினால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு மெட்டும் ஓர் ஆப்பு ஆகிவிடும். ஒரு காடி 0.05 மில்லிமீட்டர் விரிந்தால் 20 காடிக்கு 1 மில்லிமீட்டர். பலகையின் மேல்பக்கம் அவ்வளவு நீளத் தள்ளப்பட்டால் கழுத்து பின்னால் வில்லாக வளைந்துவிடும். நல்ல மரம், நல்ல ஒட்டு, நல்ல கம்பி எல்லாம் இருந்தும் கழுத்து வளைந்துபோன கருவிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் காரணம் ஒரு மெல்லிய வாள்.

காடியின் அகலம் வாள் தகட்டின் கனம் மட்டும் இல்லை. பற்களை ஒன்று விட்டு ஒன்று இப்புறமும் அப்புறமும் சாய்த்திருக்கிறார்களே, செட் என்று சொல்கிறோமே, அதையும் சேர்த்துத்தான் வெட்டு விழும். ஆகவே 0.5 மில்லிமீட்டர் தகடு, இரண்டு பக்கமும் மயிரிழை அளவு செட். முதுகில் பித்தளையோ இரும்போ மடித்துப் பிடித்த வாளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு மெல்லிய தகடு நெளியும். இரும்புக் கடையில் டெனான் வாள் என்று கொடுப்பது மேசை நாற்காலி இணைப்புக்கு அருமையான கருவி, ஆனால் அதன் தகடே நம் காடியைவிடக் கனம். புறாவால் இணைப்புக்கு அறுக்கிற சின்ன முதுகு வாள், உருண்டைப் பிடி போட்டதாக இருந்தாலும் சரி, அதுதான் நமக்கு நெருங்கி வரும். நீளம் 20 முதல் 25 சென்டிமீட்டர் போதும்.

பல் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியில்லை. விரல் பலகையின் அகலம் 52-லிருந்து 62 மில்லிமீட்டர் வரை, இரண்டு அங்குலம் என்று வையுங்கள். அங்குலத்துக்கு 16 பல் என்றால் ஒரே நேரத்தில் 32 பல் மரத்துக்குள் இருக்கிறது. ஒவ்வொரு பல்லும் தான் சுரண்டிய தூளைத் தன் முன்னால் இருக்கிற பள்ளத்தில் சுமந்துகொண்டு மறுகரை வரைக்கும் போயாக வேண்டும். பல் மிகப் பொடியாகிவிட்டால் பள்ளம் நிரம்பிவிடும், அதற்குமேல் வாள் அறுக்காது, உரசும். உரசினால் சூடு, சூட்டில் மரத்தின் பிசின் இளகித் தகட்டில் ஒட்டும். அங்குலத்துக்கு 15-லிருந்து 20 வரை என் கைக்கு ஒத்துவந்த எண்ணிக்கை.

ஜப்பான்காரர்களின் இழுப்பு வாள் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. மிக அழகாக அறுக்கும். இழுத்து அறுப்பது நமக்கும் புதிது இல்லை. தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு, கைப்பிடிப் பக்கம் சாய்ந்த பல்லால் இழுத்து அறுத்தவர்கள்தான் நம் பழைய தச்சர்கள். பின்னால் நின்று வேலை செய்யும் மேசை வந்தது, தள்ளி அறுக்கும் வாள் வந்தது. ஆனால் கடையில் வரும் இழுப்பு வாள்கள் பலவற்றில் பல்லின் நுனியை மட்டும் கடினமாக்கி விற்கிறார்கள். நுனி நீலம் பாய்ந்த மாதிரித் தெரியும். அதன்மேல் அரம் ஏறாது. மழுங்கினால் எறிய வேண்டியதுதான். தகடும் பெரும்பாலும் நம் காடிக்கு மெல்லியது. இந்த வேலைக்கு அதை நான் வைத்துக்கொள்வதில்லை.

என் கையால் கெட்டுப்போன முதல் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாள் வாங்கப் பணம் இல்லாத நாளில் இரும்பு அறுக்கிற ஹாக்சா பிளேடைக் கையில் எடுத்தேன். தகடு 0.6 மில்லிமீட்டர்தானே, சரியாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பல் அலை அலையாக வளைந்திருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. காடி கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டருக்கு விழுந்துவிட்டது. ஒரு மெட்டுகூட நிற்கவில்லை. பசை ஊற்றி நிறுத்தினேன், மூன்றே மாதத்தில் ஒவ்வொன்றாக எழும்பியது. அது ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிற பையனுடைய கிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தந்தி இரைந்ததாக அவன் வந்து சொன்னபோது அவன் என்னைத் திட்டவில்லை. அது இன்றைக்கும் என் மனத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வாளாக இருந்தாலும் முதலில் அதே மரத்தின் கழிவுத் துண்டில் ஒரு காடி. அதை மோட்டார் சைக்கிள் மெக்கானிக் வால்வு இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜால் அளப்பேன். 0.55 தகடு தடையில்லாமல் போக வேண்டும், 0.60 தகடு போகக் கூடாது. அகலம் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம், செட்டைக் குறைக்கலாம். வாளைச் சமமான பலகையில் படுக்கவைத்து, பல் வரிசையின் பக்கவாட்டில் எண்ணெய்க் கல்லின் நைசுப் பக்கத்தை ஒரே தடவை மெல்ல ஓட்டுங்கள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் ஒரே தடவை. மறுபடி அறுத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் வாள் மறுபக்கம் இழுத்துக்கொண்டு போகும், நேராகப் போகாது.

இனி அறுக்கிற மரத்தைப் பற்றிக் கொஞ்சம். செங்கோட்டைச் சாலையில் போகும்போது மரக்கடைகளையும் அறுவை மில்களையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். 1956 நவம்பர் வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். 1904-இல் ஆரியங்காவு மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் போனது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தேக்கும் ஈட்டியும் இந்தப் பக்கம் வருவது நம் மண்ணின் பழைய தொழில். அந்த ஈட்டியைத் தமிழில் தோதகத்தி என்கிறோம். உலகம் முழுக்கக் கிட்டார் விரல் பலகைக்கு விரும்பிக் கேட்கும் மரம் அது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதும் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-இல் இந்தியத் தோதகத்திக்கு மாறியது. மற்றவர்களும் தொடர்ந்தார்கள். 2017 ஜனவரியில் அந்த மரப் பேரினம் முழுவதையும், அழியும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. மரம் மரமாகப் போவதற்குக் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது. முறையான தாளோடு வருகிற தோதகத்தியை மட்டும் வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வளர்வதற்கு மனித ஆயுளைவிட அதிகக் காலம் எடுத்துக்கொள்ளும் மரத்தை ஒரு மழுங்கின வாளால் பாழாக்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

தோதகத்தி பல்லைத் தின்னும் மரம். கருங்காலி அதைவிடக் கடினம், ஓரத்தில் சிதறும். அதற்குப் பலகையின் வெளியேறும் பக்கத்தில் ஒரு வேண்டாத துண்டை ஒட்டவைத்து அறுத்தால் சிதறல் அந்தத் துண்டோடு போய்விடும். தோதகத்தித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சிறைப்பும் கொடுக்கும், முகக்கவசம் போட்டுக்கொண்டு அறுங்கள். பலகையைக் கழுத்து வடிவத்துக்குச் சரித்துச் செதுக்கும் முன்னாலேயே காடியை அறுத்துவிட வேண்டும். அப்போதுதான் மூலைமட்டம் பிடிக்க நேரான விளிம்பு இருக்கும். ஆழம் நாக்கின் உயரத்துக்குமேல் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். வாளின் பக்கத்தில் ஒரு மரச்சட்டத்தை இறுக்கிவிட்டால் அதற்குமேல் வாள் இறங்காது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம், தீட்டுவது.

செங்கோட்டைப் பக்கம் ஓர் ஆசாரி இருந்தார். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நிலையும் கதவும் செய்கிறவர், கிட்டாரைத் தொட்டது கிடையாது. என் வாளை வாங்கி நாலு இழுப்பு இழுத்தார். கீழே விழுந்த தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். “இது அறுக்கல தம்பி, அரைக்குது. நீ அமுக்குதத வச்சுத்தான் போயிட்டிருக்கு. வாள் அறுக்கணும், நீ சும்மா கூடப் போனாப் போதும்” என்றார். கூர் உள்ள பல்லிலிருந்து விழும் தூள் விரலுக்கு நெருநெருவென்று இருக்கும். மழுங்கின பல்லிலிருந்து விழுவது திருநீறு மாதிரி வழவழக்கும். அன்றைக்குக் கற்றுக்கொண்ட அந்தச் சோதனையைத்தான் இன்றும் செய்கிறேன்.

அவர் தீட்டிய முறையை அப்படியே சொல்கிறேன். வாளை இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவில் வைத்து வைஸில் இறுக்கினார். சட்டத்துக்கு மேலே பல் மட்டும் ஒரு நூல் அளவுக்குத் தெரிந்தது. முதலில் பட்டை அரத்தைப் பல்லின் தலைமேல் நீளவாக்கில் ஒரு தடவை ஓட்டினார். எல்லாப் பல்லும் ஒரே உயரத்துக்கு வந்து, ஒவ்வொரு பல்லின் உச்சியிலும் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னியது. பிறகு ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, சுடர் படாமல் புகை மட்டும் படும்படி பல் வரிசையைக் கறுப்பாக்கினார். மிகச் சின்ன முக்கோண அரத்தை எடுத்து ஒரு பள்ளத்துக்கு ஒரே ஒரு தள்ளு. திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிக்கொண்டார், பல்மேல் இழுக்கவில்லை. கறுப்புக்கு நடுவில் அரம் பட்ட இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்ததால் எந்தப் பல் முடிந்தது, எது மிச்சம் என்று சந்தேகமே வரவில்லை. உச்சியில் இருந்த வெளிச்சப் பொட்டு மறைகிற வரைக்கும்தான் அரம். மறைந்த பிறகு ஒரு தள்ளுகூட அதிகம் இல்லை. 25 சென்டிமீட்டர் வாளில் 160 பல் இருக்கும். அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார், நடுவில் பேசவே இல்லை.

இந்த வேலை நம் ஊரில் எத்தனை பேர் கையில் இன்னும் இருக்கிறது? கரண்ட் வாளும், மழுங்கினால் மாற்றுகிற பிளேடும் வந்தபிறகு அரம் பிடிக்கிற கை குறைந்துபோயிற்று. வேகத்துக்கு அவை தேவைதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் 0.58 என்ற காடியைக் கடையில் எவரும் தயாராக வைத்து விற்பதில்லை. உங்கள் கம்பிக்கும் உங்கள் மரத்துக்கும் ஏற்ற அகலத்தை நீங்களேதான் அந்தப் பல்லில் கொண்டுவர வேண்டும். அரம் பிடிக்கத் தெரிந்தால்தான் அது முடியும். தச்சு பழகுகிற தம்பிமார் இங்கே இருக்கிறீர்கள். ஒரு பழைய வாளை எடுத்துத் தீட்டிப் பழகுங்கள், முதல் இரண்டு மூன்று தடவை கெட்டுப்போகும், போகட்டும்.

வாளைப் பாதுகாப்பதில் நம் ஊருக்கே உரிய எதிரி ஒன்று இருக்கிறது. குற்றாலத்துச் சாரல். ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று திறந்து வைத்த ஜன்னல் வழியே பட்டறைக்குள் வந்து இரும்பில் படிகிறது. இரவு மேசைமேல் விட்டுப்போன வாளில் காலையில் சிவப்புப் புள்ளி தெரியும். தகட்டில் இருந்தால் தேய்த்து எடுக்கலாம், பல்லின் நுனியில் அரித்தால் கூர் போய்விடும். வேலை முடிந்ததும் பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள், பிறகு தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூளைப் பிடித்துக்கொள்ளும், அது வேண்டாம். தோல் உறையில் போட்டு மூடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பல்லுக்கு ஒரு மூங்கில் பிளவை மாட்டி, செய்தித்தாளில் சுற்றி, உயரத்தில் வையுங்கள். மறுநாள் அறுக்கும் முன் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். காடிக்குள் எண்ணெய் போனால் பிறகு பசை பிடிக்காது. வாள் வழுக்கி ஓட மெழுகுவத்தியைத் தகட்டில் ஒரு தடவை தேய்த்தால் போதும்.

சாரல் இன்னொன்றும் செய்யும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை, அதனால் மெட்டுகளின் இடம் பருவத்துக்குப் பருவம் மாறுவதில்லை. ஆனால் குறுக்கே அசையும். ஆடியில் ஈரம் குடித்த பலகையில் மெட்டு அடித்து ஓரத்தை அராவி முடித்துவிட்டீர்கள் என்றால், பங்குனி வெயிலில் பலகை சுருங்கும், கம்பி சுருங்காது. வாசிக்கிறவர் உள்ளங்கையில் கம்பி முனை குத்தும். பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துக் கிட்டார்கள் சித்திரையில் என்னிடம் வருவது பெரும்பாலும் இதற்காகத்தான். ஆகவே சாரல் காலத்தில் வாளைத் தீட்டுங்கள், பழகுங்கள், கழிவுத் துண்டில் அறுங்கள். நல்ல பலகையில் காடி போடுவதைப் புரட்டாசி வெயிலுக்குத் தள்ளிவையுங்கள்.

நான் பேசி முடித்துவிட்டேன். இதோ, தோதகத்தித் துண்டு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். இதில் ஏழு காடி இருக்கிறது. நாலு தீட்டிய வாளால் போட்டது, மூன்று தீட்டாததால். எது எது என்று எழுதி வைக்கவில்லை. முன்வரிசையிலிருந்து கை மாற்றி வாருங்கள், நகத்தால் காடியின் சுவரைத் தடவிப் பாருங்கள். பிறகு மேசைக்கு வந்து ஒவ்வொருவரும் ஒரு காடி அறுத்துவிட்டுப் போகலாம். மரம் போதுமான அளவு இருக்கிறது.